யூலை ஓடர்

பதினாலாம் லைனில் எனக்கு நட்சத்திரம்.
வெள்ளை, ஐந்து முனை, நீலத் துணியில் இருத்த வேண்டும்.
மணிக்கு நூற்றிருபது ரார்கெற்.
அமெரிக்காவில் யூலை நாலாம் திகதி
பிள்ளைகள் போட்டுக்கொண்டு வாணம் பார்க்கிற ரீசேட்.
யூலை என்றால் எங்களுக்கு வேறை.
லைனில் ஒருவரும் அதைக் கதைப்பதில்லை,
மெசின் சத்தத்தில் கேட்கவும் கேட்காது.

முனை மடிந்தது, நூல் ஓடியது, எண்ணெய் பட்டது
எல்லாம் சிவப்புக் கூடைக்கு.
கூடை நிறைந்தால் வெட்டிக் குப்பையாக்குவார்கள்.
அதற்கு முதல்
பிட்டுப் பெட்டிக்குள் இரண்டு, மூன்று.
வாசலில் பை பார்க்கிறவளுக்கு
தேங்காய்ப்பூ ஒட்டிய மூடியைத் திறக்க அலுப்பு.
இரண்டு யூலைக்குள் நூற்றுப் பதினொன்று சேர்ந்தது,
ஒன்றுகூட நேரில்லை.

வட்டக்கச்சியில் என் வீட்டு நிலம் முழுக்கத் துணி.
ஓரம் நாலும் தறப்பாள்,
ஆணி போன ஓட்டையைச் சுற்றிக் கறள்.
அதற்கு உள்ளே சாரம்.
சாரத்துக்கு உள்ளே என் கூறைச்சீலை:
நான் உடுத்தது ஒருநாள்,
மண் நிரப்பி பங்கர் வாசலில் கிடந்தது மூன்று கிழமை,
பிறகு மண்ணைக் கொட்டிவிட்டு
உடுப்புக் கட்டிக்கொண்டு நடந்த மூட்டை.
சரிகை இழைக்குள் இப்பவும் நறநறக்கும்.
ஊசி இரண்டு முறிந்தது.

கொம்பனி பஸ்ஸில் போனில் பார்த்தேன்.
பருத்திக்காட்டில் அடிமைகளாய் இருந்தவர்களின் வழிவந்த பெண்கள்
வேலைக் காற்சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்திருக்கிறார்கள்.
துணி முழுக்க வெளிறியிருக்க
பொக்கற் கழட்டின இடம் மட்டும் கடும் நீலம்.
அந்த நீலத்தில் படத்தை நிறுத்தி
பரந்தன் சந்தி தாண்டும்வரை பார்த்துக்கொண்டு வந்தேன்.
முந்தி அங்கே மாச் சாக்கில் பூ அச்சடித்தார்களாம்,
பெண்கள் சட்டை தைப்பார்கள் என்று தெரிந்து.
முகாமில் எங்களுக்கு வந்த சாக்கில் பூ இல்லை.
இரண்டு கை, குலுக்கிக்கொண்டு.
கீழே, அமெரிக்க மக்களிடமிருந்து.
ஒரு வருசம் அதைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தேன்.
நடுக் கட்டம் அது.
சுற்றிவர நட்சத்திரங்களைக்
கண்டபாட்டுக்கு இறைத்தேன், லைன் இல்லாமல்.

கிளிநொச்சியில் பழைய நெல் ஸ்ரோரில் கண்காட்சி, மூன்று நாள்.
கொழும்பிலிருந்து வந்த மெலனி தலைப்புக் கேட்டா.
நினைவு, காயம், மீளல் என்று
தானே மூன்று சொல்லியும் பார்த்தா.
நான் ஓடர் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம்
பிரபாலினி மிஸ் வந்தா, எங்கட சுப்பவைசர்,
மகனையும் கூட்டிக்கொண்டு.
வேலை போச்சுது என்று நினைத்தேன்.
மிஸ் முன்பக்கம் பார்க்கவில்லை.
ஓரத்தைத் தூக்கிப் பிரட்டி
பின்பக்கம் விரலை ஓட்டினா.
“இஞ்சிக்கு ஒன்பது விழுகுது, பரவாயில்லை.”
முடிச்சு ஒன்றை நகத்தால் நெருடிப் பார்த்தா.
நட்சத்திரங்களைக் கண்டா.
கண்டது எனக்குத் தெரியும்,
வாய் அசையாமல் எண்ணினதும் தெரியும்.
கூறைச்சீலையில் கை வந்து நின்றது.
“மண்ணைக் கழுவேல்லையோ?”
“இல்லை மிஸ்.”
“ம்.”

பிறகு நடுக் கட்டம்.
சாக்கை வெட்டிப் பொருத்தினபோது
ஒரு கை அரை இஞ்சி கீழே இறங்கிவிட்டது.
துணி எட்டாமலோ, நான் விட்டுத்தானோ,
இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.
“இது சேரேல்லை.”
கைப்பையைத் திறந்து
லைனில் பிழைக்கு ஒட்டுகிற சிவப்பு அம்பை எடுத்து
இரண்டு கைக்கும் இடையில் அழுத்தி ஒட்டினா.
“பிரிச்சுத் தை.”
மகன் ஐஸ்பழம் கேட்டு இழுக்க, போய்விட்டா.

நான் பிரிக்கவில்லை.
ஞாயிறு வந்த சனமெல்லாம்
அந்த அம்புக்குக் கிட்டப் போய்ப் படம் எடுத்தது.
மெலனி கேட்டா, எப்படி இந்த யோசனை வந்தது என்று.

திங்கள் புது ஓடர்:
ஒக்ரோபருக்கு, பல் இளிக்கிற பூசணிக்காய்.
மிஸ் லைனில் நடந்து வந்து
என் மெசினடியில் நின்றா.
சிவப்புக் கூடையைக் காலால்
என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டு
பதினைந்தாம் லைனுக்குப் போனா.